கன்னக் குழிக்குள் இரிடியம்

நாள் 131 / 10:20
மாதாந்திரப் பரிசோதனை. எழுதுவது டாக்டர் நிலோஃபர், துலாம் சிறுகோள் நிக்கல் நிலையம். எனக்குப் பிறகு இந்த அறைக்கு வரும் மருத்துவருக்காக எழுதி வைக்கிறேன்.

நிலையத்தில் இப்போது மூன்று பேர்தான். மற்றவர்கள் போன கப்பலில் ஊருக்குப் போய்விட்டார்கள். உலை குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள சேவியர் மச்சாடு, ஐம்பத்தொரு வயது, தூத்துக்குடிக்காரர். குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்க இசக்கியம்மாள், வல்லநாட்டுப் பெண். எங்கே ஆட்கள் இருந்தாலும் ஒரு மருத்துவர் இருந்தாக வேண்டும் என்று நிறுவனத்தில் ஒரு விதி இருப்பதால் நான்.

இசக்கிக்கு வலது முழங்காலில் வீக்கம். தைலம் கொடுத்தேன். சேவியருக்கு இடது மூக்கு அடைப்பு, இரண்டு வாரமாம். கைக்குட்டையில் லேசாக ரத்தம். இங்கே காற்று வறண்டது, எல்லோருக்கும் வருவதுதான். சொட்டு மருந்து கொடுத்தேன்.

என் ரத்த அழுத்தம் சரி. குடிநீர் சரி.

நாள் 143 / 11:00
சேவியர் திரும்ப வந்தார். சொட்டு மருந்து பலிக்கவில்லை. இன்னும் அதே இடது பக்கம்தான். கன்னம் மரத்துப் போயிருக்கிறது. சவரம் செய்யும்போது பிளேடு படுவதே தெரியவில்லை என்கிறார். நேற்று கடலை மிட்டாய் கடித்தபோது மேல் கடைவாய்ப் பல் ஆடியிருக்கிறது.

சளி என்றால் இரண்டு மூக்கும் அடைக்கும். ஒரே பக்கம் அடைத்து, அதே பக்கம் ரத்தம் வந்து, அதே பக்கக் கன்னம் மரத்து, அதே பக்கப் பல்லும் ஆடினால் அதற்கு வேறு அர்த்தம்.

மூக்குக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தேன். மூன்று விரற்கடை உள்ளே சாம்பலும் சிவப்புமாக ஒரு சதை. குழாயின் நுனி பட்டதுமே ரத்தம் கசிந்தது. அவருக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

 

நாள் 143 / 16:10
சதையைக் கிள்ளி எடுக்கும் முன் ஸ்கேன். மூக்கின் கூரையில் இருப்பது சில சமயம் மூளையிலிருந்து இறங்கிய சதையாக இருக்கும், சில சமயம் வெறும் ரத்தக்குழாய் முடிச்சாக இருக்கும். தெரியாமல் கிள்ளினால் நோயாளி நாற்காலியிலேயே போய்விடுவார்.

படங்களை மதுரைக்கு அனுப்பினேன். அங்கே டாக்டர் தமயந்தி சுப்பையா இருக்கிறார், மூக்கு, மண்டையோட்டு அறுவை நிபுணர். ஒரு கேள்விக்குப் பதில் வர முக்கால் மணி நேரம்.

பூமியிலிருந்து, தமயந்தி: "நிலோஃபர், படம் பாத்தேன். இடது கன்னத்து எலும்புக்குள்ள இருக்கற குழியில ஆரம்பிச்சிருக்கு. உள்சுவரை அரிச்சு மூக்குக்குள்ள வந்திருக்கு. கண்குழியோட தரை இன்னும் உடையல, ஆனா ஒட்டிக்கிட்டிருக்கு. மூளைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. தைரியமா சதை எடுங்க. அவரு உலையில எத்தனை வருஷமா நிக்கல் பொடி சுவாசிக்கிறாரு? அதைக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். இருபத்திரண்டு வருஷம், மூன்று நிலையங்களில். முகமூடி போட்டுத்தான் வேலை செய்தாராம். முகமூடியைக் கழற்றினால் மூக்கின் ஓரத்தில் பச்சையாகப் பொடி ஒட்டியிருக்குமாம்.

நாள் 146 / 09:30
எடுத்த சதையை மெல்லிய வில்லையாக்கி, சாயம் ஏற்றி, படம் அனுப்பியிருந்தேன். பதில் வந்துவிட்டது. மூக்கு, சைனஸ் உள்தோலில் தோன்றும் புற்று. அபூர்வமானது. என் படிப்புக் காலத்தில் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் வரும்போதே கண் பிதுங்கியிருந்தது.

அவரிடம் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. உலை அறைக்கு இன்டர்காமில் கூப்பிட்டேன். பதிவை அப்படியே ஒட்டுகிறேன்.

நான்: "சேவியர் அண்ணே, பேசலாமா?"
சேவியர்: "சொல்லுங்க டாக்டர். உலை ஓடுது, சத்தமா சொல்லுங்க."
நான்: "மூக்குல எடுத்த சதை... ரிசல்ட் வந்திருக்கு."
சேவியர்: "கேன்சரா?"
நான்: "ஆமா."
சேவியர்: "மூக்குல கூடவா அது வரும்?"
நான்: "அபூர்வமா வரும்."
சேவியர்: "கப்பல் வர இன்னும் எத்தன மாசம் கெடக்கு?"
நான்: "ஆறு மாசம்."
சேவியர்: "அது வரைக்கும் தாங்குமா?"
நான்: "தாங்காது. இங்கயே ஆபரேஷன் செய்யணும்."
சேவியர்: "யாரு செய்வா?"
நான்: "நான்தான்."
சேவியர்: "சரி. உலைய எறக்கி வச்சிட்டு வாரேன், அர மணிக்கூறு ஆவும். டாக்டர், நீங்க அழுதது இங்கன கேக்கு. அழாதீங்க."

நாள் 153 / 17:45
முடிந்தது. உயிரோடு இருக்கிறார்.

ஒரு வாரம் அவருடைய மண்டையோட்டின் பிளாஸ்டிக் நகலை அச்சடித்து வைத்துக்கொண்டு, தமயந்தி அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வெட்டிப் பழகினேன். நான் பொது மருத்துவர். காது மூக்குத் தொண்டைப் பிரிவில் ஆறு மாதம் நின்றிருக்கிறேன், அதுவும் மற்றவர் வெட்ட, நான் உறிஞ்சுகுழாய் பிடித்து.

மேலுதட்டைத் தூக்கி ஈறு வழியாகத் திறந்தேன். ஆடிய பல்லும் அதன் இரு பக்கப் பற்களும் கையோடு வந்தன. அண்ணத்தில் பாதியை எடுக்க வேண்டியிருந்தது. கட்டியின் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது.

பிறகு ரத்தம். எங்கிருந்து என்று தெரியவில்லை. குழி நிரம்பி வழிந்தது. இசக்கி நாடித்துடிப்பைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் குரல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. துணியைத் திணித்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றேன். மதுரையைக் கேட்டுப் பதில் வருவதற்குள் அவர் உடம்பில் ரத்தமே இருக்காது. அழுத்தினேன். வேறு எதுவும் தெரியாததால் அழுத்தினேன்.

நின்றது.

கண்குழிக்கு உள்பக்கம், மூக்கின் கூரையில், சல்லடை எலும்பு என்கிறோமே அதன் ஓரத்தில், நகக்கண் அளவு மிச்சம் இருக்கிறது. அதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. காகிதத் தடிமன் எலும்பு, அதற்கு அந்தப் பக்கம் மூளை.

நாள் 162 / 10:05
அண்ணத்து ஓட்டையை மூட பிளாஸ்டிக் தகடு செய்து கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு கஞ்சி குடிக்கிறார். கழற்றினால் பேச்சு புரியாது, தண்ணீர் மூக்கு வழியே வந்துவிடும். தகட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தால் உள்ளே முழுக் குழியும் தெரிகிறது. ஒரு மனிதனின் முகத்துக்குள் இப்படிப் பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

தமயந்தி: "மிச்சம் வச்சது நல்லது, வெட்டியிருந்தா அவரு இப்ப உயிரோட இருந்திருக்க மாட்டாரு. ஆனா கதிர்வீச்சு கொடுத்தாகணும். சில வாரத்துக்குள்ள. இல்லன்னா அந்த மிச்சம் வளந்து கண்ணுக்கும் மூளைக்கும் போயிரும். அங்க அதுக்கு மெஷின் இல்லன்னு தெரியும். யோசிக்கிறேன்."

நானும் யோசித்தேன். மதியம் சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் இசக்கியின் மஞ்சள் பெட்டியைப் பார்த்தேன். வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று குழாயை ஊடுருவிப் படம் எடுக்கும் கருவி. உள்ளே இருப்பது இரிடியம். நெல்மணியை விடச் சற்றுப் பெரிய உலோக உறை, ஒரு கேபிளின் நுனியில். கைப்பிடியைச் சுற்றினால் கேபிள் அதை வெளியே தள்ளும், திருப்பிச் சுற்றினால் உள்ளே இழுக்கும். மருத்துவமனைகளில் புற்றுக்குள்ளேயே வைத்துச் சுடுவதற்கும் இதே இரிடியம்தான். இசக்கி 'சோர்ஸ்' என்று சொல்லும் அந்த உறை பழையதாகி வீரியம் குறைந்திருக்கிறது. குறைந்து குறைந்து, மருத்துவத்துக்கு வேண்டிய அளவுக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கிறது.

அவளிடம் இன்டர்காமில் கேட்டேன். வேலை நேரம், குழாய்க்குள் படுத்திருந்தாள்.

இசக்கி: "டாக்டர், அது இரும்புக் கொழாய்க்கு உள்ளது. மனுசன் வாய்க்குள்ள வைக்கதுக்கு இல்ல."
நான்: "வேற வழி இல்ல இசக்கி."
இசக்கி: "அது கழண்டு விழுந்துட்டுன்னா? எங்க வேலையில அப்பிடி ஆயிருக்கு. கழண்டு விழுந்தத கையால எடுத்தவருக்குப் பொறவு கையே இல்ல."
நான்: "தெரியும்."
இசக்கி: "தெரிஞ்சுமா கேக்கிய?"

அவள் குழாய்க்குள்ளிருந்து நகர்ந்து வெளியே வரும் சத்தம் பதிவில் இருக்கிறது. பிறகு, "சேவியர் அண்ணாச்சிகிட்ட கேட்டியளா?"

நாள் 171 / 12:30
முதல் தடவை முடிந்தது. மொத்தம் ஐந்து தடவை, இடையில் ஒவ்வொரு நாள் விட்டு. மதுரையில் ஒரு கதிரியக்க இயற்பியலாளர் நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார்: ஒவ்வொரு தடவையும் நாற்பது நொடி.

எஃகுச் சுவர் வைத்த சோதனை அறையில் சேவியர் தனியாக, நாற்காலியில் தலையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். வாய் வழியாகக் குழிக்குள் குழாயை வைத்து, மிச்சம் இருக்கும் இடத்தில் நுனியை நிறுத்தி, மெழுகால் நிலைப்படுத்தினேன். நாங்கள் வெளியே. இசக்கி கைப்பிடியைச் சுற்றினாள். கதிர்வீச்சு அளவுமானி கத்தியது. நாற்பது எண்ணினாள். திருப்பிச் சுற்றினாள். மானி அடங்கியது.

அவரால் பேச முடியாது. கேமராவைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார்.

நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அது கதிர்வீச்சு அல்ல, பயம். வித்தியாசத்தைப் பதிவு செய்து வைக்கிறேன்.

நாள் 173 / 12:10
இரண்டாவது. சரி.

நாள் 175 / 12:15
மூன்றாவது. சரி. கன்னத்தோல் சிவந்திருக்கிறது. உப்பு போட்ட கஞ்சி எரிகிறதாம்.

நாள் 177 / 11:52
சோர்ஸ் கழன்றுவிட்டது. எடுத்துவிட்டோம். பிறகு எழுதுகிறேன். கை கழுவப் போகிறேன்.

நாள் 177 / 15:30
நடந்ததைப் பதிவிலிருந்து எழுதுகிறேன். என் நினைவை நம்ப முடியவில்லை. எனக்கு அது அரை நாளாகத் தெரிந்தது. பதிவில் ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

இசக்கி: "...முப்பத்தொம்பது, நாப்பது. இழுக்கேன்." கைப்பிடி சுற்றும் சத்தம். "கேபிள் உள்ள வந்துட்டு." பிறகு, "டாக்டர், மீட்டர் எறங்கல."
நான்: "திரும்பச் சுத்து."
இசக்கி: "வந்துட்டு டாக்டர். கேபிள் வந்துட்டு. அது வரல. அது அண்ணாச்சி வாய்க்குள்ள கெடக்கு."

கதவைத் திறந்தது நான். பதிவில் கதவு திறக்கும் சத்தம் இருக்கிறது, முடிவு எடுத்த சத்தம் இல்லை. குழாயை உருவி மூலைக்கு எறிந்தேன். அது வெறுமையாக இருந்தது. கழன்ற உறை குழாயின் பிளவு வழியே விழுந்து குழிக்குள் இருந்தது.

நான்: "அண்ணே, முழுங்கிராதீங்க. எச்சி முழுங்காதீங்க. மூச்ச அடக்குங்க. என்னயப் பாருங்க."

பார்த்தார். தொண்டை மேலும் கீழும் போக வந்தது, அவர் அதை நிறுத்தினார். எப்படி நிறுத்தினார் என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது.

டார்ச் அடித்தேன். எச்சிலும் ரத்தமும் கலந்த குழியின் பின்விளிம்பில், தொண்டைக்கு மேலே, பளபளவென்று. இடுக்கியால் பிடித்தேன். வழுக்கியது. தொண்டைப் பக்கமாக இன்னும் உருண்டது. மறுபடியும் பிடித்தேன். வழுக்கியது.

இசக்கி வெளியிலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே.

இடுக்கியைப் போட்டுவிட்டு வலது கைக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டு எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவருடைய வாயின் சூடுதான். பக்கத்தில் தயாராக வைத்திருந்த ஈயப் பானைக்குள் போட்டேன். மூடியைத் தள்ளியது இசக்கி. அவள் எப்போது உள்ளே வந்தாள் என்று நான் பார்க்கவில்லை.

மானி அடங்கியது. சேவியர் எச்சிலை விழுங்கினார். அந்தச் சத்தம் பதிவில் இருக்கிறது.

நாள் 178 / 09:00
மதுரைக்கு எல்லாம் அனுப்பினேன். பதில் வழக்கத்தை விடத் தாமதம்.

தமயந்தி: "உங்க உடம்புக்கு மொத்தமா வந்தது கொஞ்சம்தான். ஆனா விரலுக்கு... கணக்கு போட்டுப் பாத்தோம். இப்ப ஒண்ணும் தெரியாது. பத்து நாள் கழிச்சுத் தெரியும். அவருக்கு அஞ்சு தடவையில வர வேண்டியது நாலுலயே வந்திருச்சு, மேலயும் வந்திருச்சு. இனி வைக்க வேண்டாம். அந்தக் கண்ணைக் கவனிங்க."

விரல்களைப் பார்க்கிறேன். லேசாகச் சிவந்திருக்கின்றன. அவ்வளவுதான். பத்து நாள் இவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டீ கிளாஸைப் பிடிக்கிறேன், சட்டைப் பொத்தான் போடுகிறேன், தொழும்போது கையைக் கட்டுகிறேன். ஒவ்வொன்றும் சரியாகத்தான் நடக்கிறது.

நாள் 189 / 10:40
கொப்புளம். இரண்டு விரலிலும், உள்ளங்கையின் ஓரத்திலும். வலி சொல்லி மாளாது. இடது கையால் தட்டுகிறேன், அதனால் பிழைகள் இருக்கும்.

நாள் 204 / 11:20
இனி நான் சொல்ல, சேவியர் அண்ணன் தட்டுகிறார். கட்டு போடுவது இசக்கி. ஆள்காட்டி விரலின் நுனி கறுத்துவிட்டது. ஊர் போனதும் எடுத்துவிட வேண்டியிருக்கும், கட்டை விரலிலும் ஒரு கணு. இதைச் சொல்லும்போது அவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். எழுதுங்கள் என்றேன். எழுதுகிறார்.

ஸ்கேன்: மிச்சம் மறைந்துவிட்டது. குழி சுத்தம். இதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன்.

நாள் 231 / 10:15
இடது கண்ணில் புகை மூட்டம் என்கிறார். சோதித்தேன். வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இன்னும் சில வாரத்தில் அதுவும் போகும். நரம்பு சுடப்பட்டிருக்கிறது, வைத்தியம் இல்லை. "ஒரு கண்ணு போதும் டாக்டர், உலைய ஒரு கண்ணாலதான பாக்கணும்," என்கிறார். இதை நான் சொல்லவில்லை, அவரே சேர்த்துத் தட்டிக்கொண்டார்.

நாள் 262 / 09:50
தட்டுவது சேவியர் மச்சாடு. டாக்டர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

இன்று மூன்றாவது ஸ்கேன். குழியின் தரை சுத்தம். பின்சுவர் சுத்தம். கூரையில்

டாக்டர் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்றேன். "மாற்றமில்லை என்று போடுங்கள்" என்றார்.

போடவில்லை. படம் எனக்கு முன்னால்தான் இருக்கிறது. என் மண்டையோடு. இத்தனை மாதமாகப் பார்த்துப் பார்த்து எது கறுப்பாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கூரையில் இடது பக்கம் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலாகத் துவரம்பருப்பு அளவில் ஒன்று இருக்கிறது. போன தடவை இல்லை.

திரும்பி டாக்டரைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

நாள் 262 / 12:20
பூமியிலிருந்து வந்ததை நானே எழுதுகிறேன்.

தமயந்தி: "நிலோஃபர், திரும்ப வந்திருக்கு. சின்னதுதான், ஆனா இடம் மோசம். கப்பல் வர எட்டு ஒன்பது வாரம் ஆகும். அது வரைக்கும் அந்த எலும்பு தாங்கும்னு என்னால சொல்ல முடியல. இன்னொரு தடவை சோர்ஸ் வைக்கலாம். மூளை சுடப்படற ஆபத்து இருக்கு. வைக்காம விடறதுலயும் ஆபத்து இருக்கு. முடிவு அவரோடது. அவர்கிட்ட மெதுவா சொல்லுங்க."

நான்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

நாள் 262 / 14:00
வைக்கலாம் என்றேன். டாக்டர் என்னோடு சண்டை போட்டார், பிறகு போடவில்லை. இரிடியத்தின் வீரியம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதால் இந்தத் தடவை நாற்பது நொடி போதாது. இரண்டு மடங்குக்கு மேல் வைக்க வேண்டும். கழன்ற உறையை ஈயச் சுவருக்குப் பின்னாலிருந்து நீண்ட இடுக்கியால் பிடித்துக் கேபிளில் புதிய கொக்கி போட்டு மாட்டி, இசக்கி அதை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எத்தனை தடவை என்று கேட்டேன். "தெரியல அண்ணாச்சி, பேசாம இரிங்க" என்றாள்.

குழாயை உள்ளே வைக்க டாக்டருடைய விரல் உதவாது. இடத்தை அவர் பக்கத்தில் நின்று சொல்வார். வைப்பது இசக்கி. கழன்று விழுந்தால் எடுப்பதும் அவள்தான்.

நாள் 262 / 15:10
நாற்காலியில் இருக்கிறேன். குழாய் வைக்கும் வரை தட்டலாம் என்று விட்டிருக்கிறார்கள். தலையைக் கட்டியாகிவிட்டது. திரையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்துத் தட்டுகிறேன்.

பயமாக இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று தலையாட்டப் பார்த்தேன். கட்டியிருக்கிறது, ஆடவில்லை. போன தடவை பயமில்லை, என்ன நடக்கும் என்று தெரியாது. இப்போது தெரியும். எச்சில் இப்போதே ஊறுகிறது, இப்போதே விழுங்கிக்கொள்கிறேன், வாய் உலரவே மாட்டேன் என்கிறது.

இசக்கி தகட்டைக் கழற்றிவிட்டாள். உள்ளே குளிர்கிறது.

இசக்கி ஒரு கையால் என் தாடையைப் பிடித்திருக்கிறாள். அவள் கை திரையை மறைக்கிறது, தட்டும் எழுத்தெல்லாம் தப்பாக விழுகிறது, திருத்தித் திருத்தி எழுதுகிறேன். டாக்டர் அவளிடம் இன்னும் கொஞ்சம் மேலே என்கிறார். இன்னும் கொஞ்சம்.

வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்கிறார்கள்.

திறக்கிறேன்